மூன்றாம் லிஃப்டின் பூட்டு

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அடையாள அட்டையிலும் வருகைப் பதிவேட்டிலும் மட்டுமே உயிர்வாழ்ந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான அந்தப் பெரிய மருத்துவமனையில், தலைமை மருத்துவர் முதல் தரை துடைக்கும் அம்மாள் வரை, எல்லாருக்கும் அவர் காதுக்காரர். அங்குள்ள ஏழு லிஃப்டுகளுக்கும் அவரே மேற்பார்வையாளர். காலை ஆறே முக்காலுக்கு வந்தவுடன், சீருடையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ஒன்றாம் லிஃப்டிலிருந்து ஏழாம் லிஃப்டு வரை ஒவ்வொன்றின் மூடிய கதவிலும் இடக் காதை ஒட்டவைத்து, கண்களை மூடி நிற்பார். உள்ளே பெட்டி ஏறி இறங்கும் ஓசையில் எங்கேனும் ஒரு சிணுங்கல் கேட்டுவிட்டால், அன்று அந்த லிஃப்டுக்கு வைத்தியம் உண்டு. பிள்ளை பெற்றவர்களைப் பார்க்க வரும் உறவினர்கள், இவர் கதவோடு ஏதோ இரகசியம் பேசுகிறார் என்று எண்ணிச் சற்று விலகியே நடப்பார்கள்.

அவர் இடுப்பில் எந்நேரமும் ஒரு சாவி வளையம் தொங்கும். நடக்கையில் அது குலுங்குவதைக் கேட்டே செவிலியர் அவர் வரவை அறிவர். அந்த வளையத்தின் கதையைச் சொல்லிவிட்டால் மேற்கொண்டு சொல்வது எளிதாகும்.

லிஃப்டு ஓடும் தடத்துக்குள் இறங்கி வேலை செய்பவர் எவராயினும், முதலில் மொட்டைமாடிக்கும் மேலே உள்ள மோட்டார் அறைக்குச் சென்று, அந்த லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்து, தமக்கென்று கொடுக்கப்பட்டுள்ள பூட்டை அதில் மாட்டிப் பூட்டிவிட்டுத்தான் கீழே இறங்க வேண்டும். சாவி அவர் சட்டைப் பையில் இருக்கும். அவரே திரும்ப ஏறிப்போய்த் திறந்தாலன்றி லிஃப்டு அசையாது. பூட்டியவரே திறக்கவேண்டும் என்பது அந்தத் தொழிலின் உயிர்நாடி. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு தொழிலாளி பூட்டைத் திறக்க மறந்து, சாவியோடு வெளியூர் போய்விட, ஒரு லிஃப்டு இரண்டு நாள் சிலை போல் நின்றுவிட்டது. அன்று முதல் காதுக்காரர் தம்கீழ் வேலை செய்யும் பதினோரு பேருடைய பதினோரு பூட்டுகளுக்கும் உதிரிச் சாவி செய்வித்து, தம் வளையத்தில் கோத்துக்கொண்டார்.

“ஆத்திர அவசரத்துக்கு ஒருத்தர்கிட்ட இருக்கணும்ல? அந்த ஒருத்தர் நானா இருந்தா என்ன?” என்பார்.

அந்த ‘ஒருத்தர் நானா இருந்தா என்ன’ என்பது சாவியோடு நிற்கவில்லை. எண்ணெய் வாங்கும் சீட்டில் கையெழுத்து அவருடையது. பொத்தான் விளக்கு எரியவில்லை என்றாலும் அவருக்கே தொலைபேசி வரும். மகளின் திருமணத்தன்று மணமக்களை வாழ்த்த வரிசையில் நின்றவர், “அஞ்சாவதுல அந்தக் கதவு ரப்பரை மாத்துனீங்களா?” என்று காதில் போனை வைத்துக்கொண்டே மணமகனின் கையைக் குலுக்கினார் என்பது இன்றுவரை குடும்பத்தில் பேசிச் சிரிக்கும் செய்தி.

லிஃப்டுகள் அவருக்கு அடங்கின, முழங்கால்கள் அடங்கவில்லை. மோட்டார் அறைக்குப் போகும் கடைசி நாற்பத்தெட்டு இரும்புப் படிகளை ஏறி இறங்கி ஏறி இறங்கி, இரண்டு முட்டிகளும் தேய்ந்துவிட்டன. வலக்காலுக்கு அறுவை செய்தே தீரவேண்டும் என்று நகரின் மறுகோடியிலிருந்த எலும்பு மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஆறு வாரம் வீட்டில் இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள், தமக்குப் பதிலாகப் பொறுப்பேற்பவரின் பெயரை எழுதிக் கொடுக்கும்படி நிர்வாக அதிகாரி அம்மாள் ஒரு படிவத்தை நீட்டினார்.

“பேரு எதுக்கும்மா? நான் வீட்டிலேர்ந்தே போன்ல பார்த்துக்குவேன்” என்றார் காதுக்காரர்.

“மயக்க மருந்து குடுத்துப் படுக்க வெச்சிருக்கும்போதும் பார்த்துக்குவீங்களா?” என்று கேட்டுவிட்டு, அம்மாள் படிவத்தை அவர் சட்டைப் பையில் தாமே செருகினார்.

அதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெயர் எழுத வேண்டிய இடம் ஒரு விரற்கடை நீளமே இருந்தது. எழுதத்தக்க பெயர்கள் இரண்டே இருந்தன.

முதலாவது, அவருடைய மனைவியின் தம்பி. மச்சான் என்று அவர் வாய்நிறையக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, மருத்துவமனை முழுவதற்கும் அவன் மச்சானாகிவிட்டான். ஒருமுறை தலைமைச் செவிலியே ஒலிபெருக்கியில், “மச்சான் உடனே நான்காம் மாடிக்கு வரவும்” என்று அறிவித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டார். நாற்பது வயது, பம்பரம் போன்ற சுறுசுறுப்பு, யார் கூப்பிட்டாலும் இல்லை என்று சொல்லாத குணம். காதுக்காரரின் திருமணத்தின்போது அவனுக்கு ஆறு வயது. மாப்பிள்ளையின் மடியை விட்டு இறங்கமாட்டேன் என்று அடம்பிடித்து, புகைப்படங்கள் அனைத்திலும் நடுநாயகமாக அமர்ந்திருக்கிறான். அவரிடமே தொழில் கற்றான். அவன் மீது அவருக்குத் தம் பிள்ளைகளிடத்தில் இருப்பதைவிட ஒரு பிடி அன்பு கூடுதல் என்று வீட்டில் சொல்வார்கள்.

இரண்டாவது, பத்து ஆண்டுகளாக மின்பிரிவில் பணிபுரியும் ஒரு பெண். அவளிடம் எதைச் சொன்னாலும், எதைக் கேட்டாலும், “பாத்துச் சொல்றேன்” என்பதுதான் முதல் பதில். ஆகவே எல்லாரும் அவளுக்குப் பாத்துச்சொல்லி என்று பெயர் சூட்டிவிட்டார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. மற்றவர் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலையை அவள் ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பாள். அவள் முடித்த வேலைக்கு மறுமுறை யாரும் போனதில்லை என்பதைக் காதுக்காரர் கவனித்திருந்தார். ஆனால் கவனித்ததைப் பற்றி அமர்ந்து சிந்தித்ததில்லை.

திங்கட்கிழமை மாலை, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே அவர் மனைவி பேச்சைத் தொடங்கினாள். அவள் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் சிறுபிள்ளைகளுக்குப் பைபிள் பாடம் நடத்துபவள். வாரம் முழுவதும் அந்தப் பாடத்தை வீட்டில் ஒத்திகை பார்ப்பது வழக்கம்.

“இந்த வாரம் என்ன பாடம் தெரியுமாங்க? உங்களுக்காகவே எழுதி வெச்ச மாதிரி இருக்கு. கடவுள் சொன்னபடி ஜனங்களை வனாந்தரத்துல நடத்திட்டுப் போறாரு பாருங்க ஒரு தலைவரு, அவரு காலையில தீர்ப்புச் சொல்ல உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் எழுந்திரிக்கிறதில்ல. ஒருத்தனோட ஆடு இன்னொருத்தன் கூடாரத்துல நுழைஞ்சிட்டாலும் அவருதான் தீர்ப்புச் சொல்லணும். மாமனார் பார்க்க வந்தவரு, ஒரு நாள் முழுக்க இந்தக் கூத்தைப் பார்த்தாரு. நீங்க செய்யறது நல்லால்ல மாப்பிள்ள, நீங்களும் ஓய்ஞ்சு போயிருவீங்க, வரிசையில நிக்கிறவனும் ஓய்ஞ்சு போயிருவான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாரு.”

“மாப்பிள்ள கேட்டாரா?”

“கேட்டாரே! அதான் பெரிய விஷயம். எங்கப்பா இருந்து சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்களா?”

“உங்கப்பா லிஃப்டுல ஏறவே பயப்படுவாரு. அவரு எனக்கு யோசனை சொல்றாராக்கும்” என்றார் காதுக்காரர். பிறகு, மடித்த சட்டையை எடுத்து மறுபடி மடித்தவாறு, “அப்படின்னா யார்கிட்ட குடுக்கச் சொன்னாரு?” என்று கேட்டார்.

“கண்டவங்ககிட்ட இல்ல. நாலு குணம் பார்க்கச் சொன்னாரு. திறமை இருக்கணும். கடவுளுக்குப் பயந்தவங்களா இருக்கணும். உண்மையா இருக்கணும். கைநீட்டி வாங்குறதை வெறுக்கணும். அப்புறம் பத்து பேருக்கு ஒருத்தர், அம்பது பேருக்கு ஒருத்தர்னு தாங்குற அளவுக்குத்தான் தலையில ஏத்தணும்.”

“சரி, உன் தம்பியை எடுத்துக்கோ. நாலுல எத்தனை தேறும்?”

அவள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். தம்பிக்கே பொறுப்பு வரவேண்டும் என்று ஒரு வாரமாக ஒற்றைக்காலில் நின்றவள் அவள்தான். “திறமை இருக்கு. பயம் இருக்கு. யார்கிட்டயும் ஒரு டீ கூட ஓசியில குடிக்கமாட்டான்.”

“உண்மை?”

“பொய் சொல்லமாட்டாங்க அவன்!” என்றாள் வேகமாக. பிறகு குரல் தணிந்தது. “கொஞ்சம் முந்திச் சொல்லிடுவான். அவ்வளவுதான்.”

காதுக்காரர் சிரித்தார். அவருக்கும் அது தெரியும். ‘முடிச்சிட்டியா மச்சான்’ என்று கேட்டால், ‘முடிஞ்சுது அத்தான்’ என்று சொல்லிவிட்டு, அதன் பிறகே திருப்புளியைக் கையில் எடுப்பான். ஆனால் எடுப்பான், மூச்சுப் பிடித்துக்கொண்டு வேலை செய்து, சொன்ன சொல்லை எப்படியாவது மெய்யாக்கிவிடுவான். யாரும் ஏமாந்ததில்லை. ஆகவே யாரும் அதைப் பொய்யென்று எண்ணியதும் இல்லை.

“நம்ம பிள்ள. தெரிஞ்ச குறை, தெரியாத நிறையை விட மேல்” என்று அவர் முடித்துவிட்டார். படிவத்தில் மட்டும் இன்னும் எழுதவில்லை. புதன்கிழமை அவர் எலும்பு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். அந்த அரை நாளைக்கு வளையத்தை மச்சானிடம் கொடுத்துப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

புதன்கிழமை காலை வளையத்தை இடுப்பிலிருந்து கழற்றியபோது, ஒரு பக்கம் எடை குறைந்து, அவர் சாய்ந்து நடப்பது போலிருந்தது. மச்சான் அதை இரண்டு கைகளாலும் வாங்கித் தன் இடுப்பில் மாட்டிக்கொண்டு, ஒருமுறை குலுக்கியும் பார்த்துக்கொண்டான்.

“அத்தான், நான் நடந்தா உங்க சத்தம் வருது!”

“சத்தம் வந்தா போதாதுடா. யாரு எங்க வேலை செய்யறாங்க, தெரியும்ல?”

“மூணாவது லிஃப்டுல பாத்துச்சொல்லி பூட்டுப் போட்டிருக்கா. கீழ குழியில தண்ணி கசியுதாம், துடைச்சிட்டு கிரீஸ் வைக்கப் போறா. மத்த ஆறும் ஓட்டத்துல. கவலைப்படாம கால நீட்டிக்கிட்டுப் படம் எடுத்துட்டு வாங்க.”

மூன்றாவது, கட்டில் ஏறும் அளவுக்குப் பெரிய லிஃப்டு. அறுவைக் கூடத்துக்குச் செல்லும் வழியும் அதுவே. அதன் தடத்துக்கு அடியில், அடித்தளத் தரைக்கும் கீழே ஓர் ஆள் உயரத்துக்குக் குழி உண்டு. அங்கே தொலைபேசி எடுக்காது. வேலைக்கு இறங்குபவர், வழியில் போகிறவர் தவறி விழாதபடி, வெளிக்கதவைச் சாத்திக்கொண்டுதான் உள்ளே இருப்பார்.

பதினொன்றே கால் மணிக்கு அறுவைக் கூடத்திலிருந்து மச்சானுக்கு அழைப்பு வந்தது. பிரசவத்தில் சிக்கலான ஒரு தாயைக் கட்டிலோடு மேலே கொண்டுவர வேண்டும். மூன்றாவது லிஃப்டு உடனே வேண்டும். மச்சான் அப்போது மோட்டார் அறையில் இருந்தான். சுவிட்சில் பாத்துச்சொல்லியின் பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அவளை அழைத்தான், மணி அடிக்கவில்லை. அடித்தளக் காவலாளியை அழைத்தான். காவலாளி இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்து, “கதவு சாத்தியிருக்கு மச்சான். யாரையும் காணோம். சாப்பிடப் போயிருப்பாங்க” என்றான். உடனே மச்சான் அத்தானை அழைத்தான்.

எலும்பு மருத்துவமனையில் காதுக்காரர் காலை நீட்டி மேசைமேல் படுத்திருந்தார். எக்ஸ்ரே படம் எடுப்பவர் அசையாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கையில் காதில் போனை வைத்தார்.

“அத்தான், அவசரம். மூணாவது வேணுமாம். அவ பூட்டைத் திறக்காம சாப்பிடப் போயிட்டா போல. உங்க சாவியால திறக்கட்டுமா?”

“குழிக்குள்ள பார்த்தியா?”

“பார்த்துட்டேன் அத்தான்.”

“ஆள் இல்லையே?”

“இல்ல.”

“அப்ப திற” என்றார் காதுக்காரர்.

மச்சான் பூட்டைத் திறந்து, சுவிட்சை மேலே தூக்கினான். லிஃப்டு அசையவில்லை. மறுபடி அணைத்துத் தூக்கினான். அசையவில்லை. மூன்றாம் முறை கையை வைத்தபோதுதான் அவனுக்குப் பொறிதட்டியது. குழிக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அதை அமுக்கிவிட்டால், மேலே மின்சாரம் இருந்தாலும் பெட்டி நகராது. பூட்டுப் போடும் பழக்கம் நிலைத்துவிட்ட பிறகு அந்தப் பொத்தானை யாரும் பெரிதாகத் தொடுவதில்லை. இப்போது யாரோ அதை அமுக்கியிருக்கிறார்கள். அமுக்கியவர் குழிக்குள்ளே இருக்கிறார்.

அவன் சுவிட்சை அணைத்துவிட்டு, பன்னிரண்டு மாடிப் படிகளையும் எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. அடித்தளக் கதவைத் திறந்தபோது, பாத்துச்சொல்லி கையில் துணியோடு நிமிர்ந்து பார்த்தாள்.

“இப்ப பெட்டியோட கதவு ரெண்டு தடவை உதறிச்சு. கரன்ட் வந்த மாதிரி. யாரு போட்டது?” என்று கேட்டாள்.

மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அந்தத் தாயை நான்காவது லிஃப்டில், கட்டிலை விட்டுத் தள்ளுவண்டிக்கு மாற்றி மேலே கொண்டு போனார்கள். தாயும் பிள்ளையும் நலம். ஆறு நிமிடம் தாமதம், அவ்வளவே. மருத்துவமனையில் ஏறக்குறைய யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

மாலையில் மச்சான் அக்காள் வீட்டுக்கு வந்தான். வந்தவன் வளையத்தை அத்தானிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றவும் மறந்து சமையலறை வாசலில் நின்றான். அக்காள் தட்டை வைத்தாள், அவன் தொடவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். எதையும் குறைக்கவுமில்லை, கூட்டவுமில்லை.

“பார்த்துட்டேன்னு சொன்னியேடா!” என்று காதுக்காரர் கேட்டார்.

“பார்க்கப் போயிருப்பேன் அத்தான். காவலாளி இல்லன்னான். நீங்க சரின்னதும் ஒரு எட்டு இறங்கிப் பார்த்துட்டுப் போடலாம்னு நினைச்சேன். அதுக்குள்ள மறுபடி போன் அடிச்சாங்க. கை தானா சுவிட்சுக்குப் போயிடுச்சு.” அவன் கண்கள் நிறைந்தன. “அவளுக்கு ரெண்டு பிள்ளைங்க அத்தான்.”

அக்காள் தம்பியின் அருகில் போய் நின்று, சின்னப் பிள்ளைக்குச் செய்வதுபோல் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

காதுக்காரர் நாற்காலியில் அமர்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் மனம் மச்சானை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. கேட்டது முதல் அவர் வேறொன்றைக் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். காவலாளி கதவைப் பார்த்தான், குழியைப் பார்க்கவில்லை. மச்சான் காவலாளியின் சொல்லைக் கேட்டான். தாமோ நகரின் மறுகோடியில் படுத்துக்கொண்டு, மச்சானின் சொல்லைக் கேட்டுத் ‘திற’ என்றார். மூவரும் சேர்ந்து ஒரு மனுஷியின் உயிரைக் கையில் வைத்திருந்தார்கள். மூவரில் ஒருவரும் அவள் இருந்த இடத்தைக் கண்ணால் காணவில்லை. அவள் பூட்டுக்கு வேறு சாவியே இல்லாதிருந்தால், மச்சான் எவ்வளவுதான் முந்திச் சொன்னாலும் ஒன்றும் ஆகியிராது.

“நீ மட்டும் இல்ல மச்சான். திறன்னு சொன்னவன் நான்” என்றார்.

“நீங்க கேட்டீங்களே அத்தான். நான்தான்...”

“கேட்டேன். உன்னை எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேட்டுட்டு விட்டேன் பாரு, அது யாரு தப்பு?” அவர் சற்றுப் பொறுத்து, “ஒண்ணு கேக்குறேன். உடனே சொல்லாத. நீ குழியில இறங்கணும். மேல சாவி ஒருத்தர்கிட்ட இருக்கு. யாருகிட்ட இருந்தா நீ நிம்மதியா இறங்குவ?” என்று கேட்டார்.

வாழ்க்கையில் முதன்முறையாக மச்சான் ஒரு கேள்விக்கு உடனே பதில் சொல்லவில்லை. தட்டின் முன் அமர்ந்து, அதிலிருந்ததைப் பிசைந்துகொண்டே வெகுநேரம் இருந்தான். பிறகு, “அவகிட்ட” என்றான். “என்கிட்ட இருந்தா நானே இறங்கமாட்டேன் அத்தான்.”

அக்காள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பின்பு, “சாப்பிடு முதல்ல. உண்மையைச் சொன்ன வாய்க்குப் பசிக்கும்” என்று மேலும் ஒரு கரண்டி வைத்தாள்.

மறுநாள் காலையில் காதுக்காரர் ஏழு கதவுகளில் காது வைப்பதற்கு முன்பே மின்பிரிவுப் பட்டறைக்குப் போனார். பாத்துச்சொல்லி தன் கருவிப் பையை மேசைமேல் கவிழ்த்து, ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அருகில் பணிக் குறிப்பேடு திறந்திருந்தது. முந்தைய நாளுக்குரிய பக்கத்தில் அவள் இரண்டே வரிகள் எழுதியிருந்தாள்: ‘மூன்றாம் லிஃப்டு. குழியில் ஆள் இருக்கையில், உதிரிச் சாவியால் பூட்டு திறக்கப்பட்டது. சிவப்புப் பொத்தான் அமுக்கப்பட்டிருந்ததால் பெட்டி நகரவில்லை.’ யார் பெயரும் அதில் இல்லை.

“பேரு எழுதலியே” என்றார் காதுக்காரர்.

“அவருதான் நேரா வந்து சொல்லிட்டாரே சார். எழுதறது நடந்தது மறுபடி நடக்கக்கூடாதுன்னுதான். ஆளைப் பிடிச்சுக் குடுக்கறதுக்கு இல்ல.”

“பூட்டுப் போட்டிருந்தியே, அப்புறம் அந்தச் சிவப்புப் பொத்தானையும் எதுக்கும்மா அமுக்கின? இப்ப யாரும் அதை அமுக்குறதில்லையே?”

அவள் கையிலிருந்த குறட்டைத் துடைத்து முடித்தாள். பிறகு மரியாதை குறையாமல், ஆனால் அவர் முகத்தைப் பார்த்தே, “பூட்டு என்னோடதுதான் சார். சாவி உங்ககிட்டயும் ஒண்ணு இருக்கே” என்றாள்.

காதுக்காரருக்கு முகம் சுண்டிப்போயிற்று. இருபது ஆண்டுகள் ஆத்திர அவசரத்துக்கென்று அவர் சுமந்த வளையம், கீழே இறங்கும் ஒவ்வொருவருக்கும் தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது; அதை அறிந்தவள் இவள் ஒருத்தியே. அவர்மீது வெறுப்பில்லாமல், அவரை நம்பாமலும் இருக்க இவளுக்குத் தெரிந்திருந்தது.

“பத்து வருஷமா அமுக்குறியா?”

“ஆமா சார்.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“ரெண்டு தடவை சொன்னேன் சார். நீங்க போன்ல இருந்தீங்க.”

சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்து, சட்டைப் பையிலிருந்து படிவத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“ஆறு வாரம் பொறுப்பு. நீ எடுத்துக்கிறியா?”

“பாத்துச் சொல்றேன் சார்.”

“நாளைக்குக் கடைசி நாள்மா!”

“நாளைக்குக் காலையில சொல்றேன்.”

வேறு ஒரு நாளாக இருந்தால் காதுக்காரர் எரிந்து விழுந்திருப்பார். இன்று, இப்படி ஒருத்தி பதில் சொல்லத் தாமதிப்பது அவருக்கு ஒருவகை ஆறுதலாக இருந்தது. அவள் அன்று முழுவதும் ஏழு லிஃப்டுகளையும் சுற்றி வந்தாள். பதினோரு பேரிடமும் பேசினாள். மச்சானோடு மட்டும் அரை மணி நேரம் மொட்டைமாடியில் நின்று பேசிக்கொண்டிருந்தாள். என்ன பேசினார்கள் என்று அவர் யாரையும் கேட்கவில்லை. கேட்காமலிருக்க அவர் பட்டபாடு அவருக்கே தெரியும்.

வெள்ளிக்கிழமை காலை, நிர்வாக அதிகாரி அம்மாளின் அறைக்கு வெளியே இருந்த பெஞ்சில் அவர் அமர்ந்திருந்தார். பாத்துச்சொல்லி வந்து பக்கத்தில் அமர்ந்தாள். ஒரு துண்டுக் காகிதத்தில் ஏதோ குறித்து வைத்திருந்தாள்.

“பார்த்துட்டேன் சார். எடுத்துக்கறேன். ஆனா மூணு விஷயம். உதிரிச் சாவி ஒண்ணு கூட இருக்கக்கூடாது. யாராவது பூட்டைத் திறக்க மறந்து போயிட்டா, ஆள் எங்க இருக்காருன்னு தேடிப் பிடிச்சு, அவருகிட்டயே பேசி, ரெண்டு பேர் போய்க் குழியைப் பார்த்துட்டு, அதுக்கப்புறம் பூட்டை அறுக்கணும். லிஃப்டு ரெண்டு நாள் நின்னாலும் நிக்கட்டும்.”

“சரி.”

“ரெண்டாவது, எல்லாத்துக்கும் நான் ஒருத்தியே கையெழுத்துப் போடமாட்டேன். சின்ன வேலைக்கு அந்தந்த லிஃப்டுக்காரங்களே பொறுப்பு. அஞ்சாவதும் ஆறாவதும் மச்சானுக்குக் குடுக்கணும். சின்ன லிஃப்டுங்க. முடிஞ்ச வேலையை முடிச்சதுக்கு அப்புறம் எழுதிப் பழகட்டும். ரெண்டையும் நல்லாப் பார்த்துக்கிட்டா, அடுத்தது யோசிக்கலாம்.”

அவர் தலையை ஆட்டினார். வீட்டில் துணி மடித்துக்கொண்டே மனைவி சொன்ன மாமனாரை இவள் அறிந்தவளா என்று கேட்க வாயெடுத்தார். மூன்றாவது விஷயம் என்னவோ என்ற அச்சத்தில் கேட்கவில்லை.

“மூணாவது?”

“நீங்க போன் பண்ணக்கூடாது சார்.”

“ஒரு தடவை கூடவா?”

“கால் எப்படி இருக்குன்னு சொல்ல வேணும்னா பண்ணுங்க. லிஃப்டு எப்படி இருக்குன்னு கேட்கக்கூடாது.”

காதுக்காரர் இடுப்பு வளையத்தைக் கழற்றி மடியில் வைத்தார். அதிலிருந்து பதினோரு சாவிகளையும் ஒவ்வொன்றாக நகக்கண் வலிக்கக் கழற்றி அவளிடம் கொடுத்தார். எஞ்சியவை அலுவலக அலமாரிச் சாவியும், வீட்டுச் சாவியும்தான். அவள் அவற்றை எண்ணிப் பார்த்து, பட்டறையில் வெட்டி எறிவதற்காகத் துணியில் முடிந்துகொண்டு போனாள்.

அவர் அறைக்குள் சென்று, நின்றபடியே படிவத்தில் அவளுடைய முழுப்பெயரையும் எழுதினார். அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

“உங்க மச்சானுடைய பேரை எழுதுவீங்கன்னு எல்லாரும் பேசிக்கிட்டாங்க.”

“அவனுக்கு ரெண்டு லிஃப்டு குடுத்திருக்கும்மா. தாங்குவான்.”

“சரி. ‘முதல் தேதி’, ‘கடைசித் தேதி’ன்னு ரெண்டு கட்டம் இருக்கு. கடைசித் தேதியை விட்டுட்டீங்களே. ஆறு வாரம்னு போட்டுக்கட்டுமா?”

“வேணாம்மா, அது அப்படியே இருக்கட்டும்” என்றார் காதுக்காரர். “கால் சரியானதும் நான் வேலைக்கு வர்றேன். பொறுப்பு அவங்ககிட்டயே இருக்கட்டும்.”